குழாய்க்காகச் சொன்ன பெயர்கள்

இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டீர்கள். காலை நடைக்கு வரும்போது கேட்கிறீர்கள், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டும் கேட்கிறீர்கள். வார்டு சபைக் கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போய் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறாளே, முழங்கால் தேய்ந்துபோனவளுக்குச் சாக்கடை அடைப்பைப் பற்றி என்ன கவலை என்று எனக்குப் பின்னால் நீங்கள் பேசுவதும் என் காதுக்கு வந்துவிட்டது. கோபமில்லை. உங்களுக்கும் முட்டி வலி, எனக்கும் முட்டி வலி. ஆனால் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், மாசியில் ஆரம்பித்துப் பங்குனியில் முடிந்த ஒரு காரியத்தைக் கண்ணால் பார்த்தவள் நான். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார முடியாது. ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேட்காதீர்கள்.

இதில் யாருடைய பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். தெருமுனையில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். காற்று ஒரு பக்கம் அடித்தால் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றம், மறுபக்கம் அடித்தால் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் நெடி. பாதி வீட்டு ஆண்களுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. என் அப்பாவுக்கும் அதுதான். அவர் வீட்டுக்கு வந்து கை கழுவினால் தண்ணீர் கறுத்துப்போய், அடியில் இரும்புத் தூள் மினுங்கும்.

தெருக்கோடியில் ஒரு கிணறு இருந்தது. உப்பென்றால் அப்படி ஓர் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதில் காப்பி போட்டுக் கொடுத்தால் விருந்தாளி மறுபடி நம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். நல்ல தண்ணீருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு புளியந்தோப்புக் கிணற்றுக்குப் போகவேண்டும். அங்கே ஊற்று மெதுவாகத்தான் ஊறும் என்பதால் வரிசை உண்டு. முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்கு ஒரு பொருளை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். உடைந்த வாளி, செங்கல், ஒற்றைச் செருப்பு, இப்படி. எங்கள் வீட்டுக்கு ஓர் ஓட்டை ஈயப் போகணி. யாராவது அதை நகர்த்திவிட்டால் மறுநாள் காலையில் நடக்கும் சண்டையில் மூன்று தலைமுறை வசவும் வெளியே வரும். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் அந்தத் தோப்பில் படித்தவைதான்.

அம்மா விடிவதற்குள் கிட்டங்கிக்குப் புகையிலை பிரிக்கப் போய்விடுவாள். அதனால் தண்ணீர் என் வேலை. ஐந்து மணிக்குப் போனால் மூன்று குடம் முடிக்க எட்டரை ஆகும். கடைசிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது சொல்லிவைத்தாற்போல் கேட் அடைத்துவிடுவார்கள். சரக்கு வண்டி ஒவ்வொரு பெட்டியாகப் போகும். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். பித்தளைக் குடத்தின் விளிம்பு இடுப்பில் பதிந்த இடம் ராத்திரி வரை சிவந்திருக்கும்.

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். பெரிய சிஸ்டர் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். தாமதமாக வந்தால் முதல் பாடவேளை முடியும்வரை வெயிலில் நிறுத்துவார். ஒரு நாள் என் கன்னத்தை லேசாகத் தட்டி, "தூக்கத்தை விட்டாத்தான் படிப்பு வரும்" என்றார். அவர் எழுந்திருக்கும் முன்பே நான் எழுந்துவிடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்ல அம்மாவுக்குப் பயம், எனக்கும் பயம். இப்போது யோசித்தால், ஒரே ஒரு முறை அம்மா போய்ச் சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார் என்றே தோன்றுகிறது. அவர் கெட்டவர் இல்லை, கேட்கத் தெரியாதவர். நாங்களும் கெட்டவர்கள் இல்லை, சொல்லத் தெரியாதவர்கள்.

மாசி பிறந்ததும் சிஸ்டர் ஒரு தீர்ப்புச் சொன்னார். இன்னும் மூன்று தடவை தாமதமாகவோ வராமலோ இருந்தால் முழுப் பரீட்சை எழுத விடமாட்டார். அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிராமல், "அஞ்சு வரைக்கும் படிச்சது போதும் தாயி. தண்ணியாவது ஒழுங்கா வரும்" என்றார். அதிலே வன்மம் ஒன்றுமில்லை. வெஞ்சனத்தில் உப்புக் குறைவு என்று சொல்லும் அதே குரல்தான். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூர் அணைத் தண்ணீரைப் புதிதாகச் சில தெருக்களுக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பெரிய ரோட்டில் கறுப்பு இரும்புக் குழாய்களை லாரியில் கொண்டுவந்து அடுக்கினார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு கிளைக்குழாய்தான். எங்கள் தெருவுக்கா, அடுத்த தெருவுக்கா என்பது முடிவாகவில்லை. எல்லா வீட்டுக்காரர் பெயரும் கைநாட்டுமாக மனுக் கொடுத்த தெருவுக்கு முதலில் என்று முனிசிபாலிட்டியில் சொன்னார்களாம்.

ஆண்கள் அசையவில்லை. முன்பு ஒருமுறை தெருவிளக்குக்காக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்றார்கள். அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு நடுவிலிருந்த வேப்பமரத்தடிக்கு எல்லா வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுவிட்டாள். என் நாற்பது பக்க நோட்டும் நானும் நடுவில். அந்தத் தெருவில் அழகான கையெழுத்து எனக்குத்தான். அன்று எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

உங்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். "இவுக", "எங்க வீட்ல", "பிள்ளைக அப்பா", அவ்வளவுதான். எனக்கோ தெருவில் எல்லோரும் மாமா, சித்தப்பா, பெரியப்பா. அவர்களுக்கெல்லாம் பெயர் என்று ஒன்று இருக்கும் என்றே நான் யோசித்ததில்லை.

முதலில் எதிர்வீட்டு அத்தை வந்தாள். "எழுது புள்ள. மலை மேல நிக்கிறாகள்ல, அந்தச் சாமி பேரு."

நமக்கு மலை என்றால் பழனிதானே. பழனிச்சாமி என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்காரி, "எந்தக் காரியத்துக்கும் மொதல்ல கும்பிடுவோம்ல, அந்தச் சாமி" என்றாள். கணேசன் என்று எழுதினேன். அந்தச் சாமிக்கு எத்தனை பெயர் உண்டு என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. மூன்றாம் வீட்டு வேதக்காரப் பெரியம்மா கழுத்து ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு, "எங்க கோயில்ல கையில சாவியோட ஒருத்தர் நிப்பாரு பாத்திருக்கியா" என்றாள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அவர் சிலை இருந்தது. பீட்டர் என்று சிஸ்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தமிழில் வேறு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. பீட்டர் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இப்படியே இருபத்திரண்டு வீடும் முடிந்தது. ஆளுக்கொரு விடுகதை, எனக்கு அதில் ஒரே உற்சாகம். ஒருத்தியிடம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. எல்லோரும் கட்டைவிரலில் மையைத் தடவி நாட்டு வைத்தார்கள், மையைத் தலையில் துடைத்துக்கொண்டு போனார்கள். அம்மா மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குள் மூன்றில் ஒரு தடவை போய்விட்டது. கேட் அடைப்பு.

பத்து நாள் கழித்து முனிசிபாலிட்டி கிளார்க் சைக்கிளில் வந்தார். அன்று தம்பிக்குக் காய்ச்சல் என்று என்னை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள், ஆக இரண்டாவதும் போயிற்று. கிளார்க் ஒல்லியான ஆள். கண்ணாடியின் ஒரு காதுக்கம்பிக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். வேப்பமரத்தடியில் நின்று என் மனுவை விரித்தார்.

"பழனிச்சாமி வீடு எதும்மா?"

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்றாள் எதிர்வீட்டு அத்தை, தன் வாயாலேயே.

"கணேசன்?"

"இல்லைங்க."

"பீட்டர்?"

"இந்தத் தெருவுலயா? நாங்க இருக்கோம், இன்னொரு வேதக்காரக வீடு இருக்கு. பீட்டருன்னு யாரும் இல்ல" என்றாள் பெரியம்மா, ரொம்ப உதவியாக.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெயரிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. கிளார்க் கையிலிருந்த வீட்டு வரிப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு மனுவை மடித்தார்.

"இருபத்திரண்டு பேருல பதினாலு பேரு இந்தத் தெருவுலயே இல்ல. பொய் மனுக் குடுத்திருக்கீங்க. திங்கக்கிழமை அடுத்த தெருவுல குழி தோண்டிருவாங்க." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் தெருவே அவளைச் சூழ்ந்துகொண்டது. அவள்மேல்தான் எல்லோருக்கும் ஆத்திரம். எழுதியவள் நான் என்று ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்காகக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தெரியலைன்னா கேக்கிறதுக்கு என்னடி?"

"கேட்டா மட்டும் சொல்லியிருப்பீகளா?"

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மலைமேல் சாமி, சாவிச் சாமி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் வேறாக இருந்தது. "வெள்ளிக்கிழமை போறோம். எல்லாரும் போறோம்" என்றாள்.

நீங்களும் வர்றீகளா என்று அப்பாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டாள். "ஆபீசு வாசல்ல நிக்க லீவு கேட்டா, மொதலாளி நாளைக்கும் சேத்து வராதம்பாரு. பொம்பளைக போயி என்னத்தப் பேசப் போறீக" என்றார்.

நான் என் தப்பைத் திருத்தக் கிளம்பினேன். இரண்டு நாள் வீடு வீடாகப் போய், பெண்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் அப்பா பெயரைக் கேட்டு எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே முனிசிபாலிட்டிக்கு ஓடினேன். வாசலில் இருபத்திரண்டு பெண்களும் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றார்கள். கோயிலுக்குக் கட்டும் புடவை. இடுப்பில் குழந்தை, கையில் ரேஷன் கார்டு.

கிளார்க் எங்களைப் பார்த்ததும் பேனாவை மூடினார். அம்மா நடந்ததைச் சொன்னாள். நான் புதுப் பட்டியலை நீட்டினேன். அவர் படித்தார், தலையை ஆட்டினார்.

"சின்னப்பிள்ளை எழுதினது ஏற்கெனவே ஒரு தடவை தப்பாப் போச்சு. கார்டை யாரும் யாருகிட்டயும் வாங்கிட்டு வரலாம். வீட்டுப் பெரியவங்க அவங்க வாயால சொல்லணும். நான் பதிவேட்டுல பாத்து எழுதிக்கிறேன். அஞ்சரைக்கு ஆபீசைப் பூட்டிருவாங்க."

அன்று அவரை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா. கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. என் பட்டியலை அவர் வாங்கிக்கொண்டிருந்தால், அடுத்த தெருக்காரர்கள் ஒரே ஒரு புகாரில் அதை மறுபடி பொய் மனுவாக்கியிருப்பார்கள். யாரும் அசைக்க முடியாதபடி எழுதத்தான் அவர் வழி பார்த்தார்.

மேலே காற்றாடி கடகடவென்று சுற்றியது. எதிர்வீட்டு அத்தை தரையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி, "போயிருவோம்க்கா" என்று அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி. ஒரே ஒரு தடவைதான் எனக்கு மிச்சம் இருந்தது, புளியந்தோப்பும் ரயில்வே கேட்டும் அப்படியேதான் இருந்தன.

அம்மா மேசைக்கு முன்னால் போய் நின்றாள். தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். என் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் முதல் தடவையாகச் சொன்னாள். தினம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது என் பெயரோடு சேர்த்துக் கேட்கிற பெயர்தான், அவள் வாயிலிருந்து வந்தபோது அது வேறு யாரோ ஓர் இளவயதுக்காரருடைய பெயர் மாதிரி இருந்தது. கிளார்க் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "இருக்கு" என்றார்.

"ஒண்ணும் ஆகல. வா" என்றாள் அம்மா, எதிர்வீட்டு அத்தையிடம்.

அத்தை முகத்தை முழுக்க மூடிக்கொண்டு துணிக்குள்ளிருந்து சொன்னாள். திருப்பதி மலைச் சாமி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேதக்காரப் பெரியம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னாள். ஒருத்தி காடு தாண்டிக் கூப்பிடுவதுபோல் கத்திவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, பெயர்கள் மளமளவென்று வந்தன.

கடைசியில் இட்லிக்காரம்மா. அவள் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம். "ஆளு இல்லைன்னா உங்க பேரைச் சொன்னாப் போதும்மா" என்றார் கிளார்க், தணிந்த குரலில்.

"இல்ல சாமி. சொல்றேன்" என்றாள். சொன்னாள். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கிளார்க் எழுதி முடித்துவிட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள், யாரும் கேட்காமலே. என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்திரண்டும் சரி. திங்கக்கிழமை உங்க தெருவுக்கு ஆள் வரும். போங்கம்மா" என்றார்.

திரும்பி வந்த வழியில் நாங்கள் நடந்த நடை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருபத்திரண்டு பெண்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவள் இவள் புருஷன் பெயரைச் சொன்னாள். வெற்றிலைக் கடை வாசலில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். நான் பையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனேன். ஊர்வலம் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

வீட்டில் அப்பா சோற்றைத் தொடவில்லை. பட்டறை வரைக்கும் செய்தி போயிருந்தது, கூட வேலை செய்தவர்கள் கேலி செய்திருக்கிறார்கள்.

"ஊரு பூரா எம் பேரச் சொல்லிட்டு வந்திருக்க."

"ரேஷன் கடைக்காரன் மாசாமாசம் அந்தப் பேரக் கத்துறான். நான் ஒரு தடவ சொன்னாத் தேஞ்சா போகும்?"

அப்பா தட்டை இழுத்துக்கொண்டார். கோபமா, பயமா என்று அப்போது தெரியவில்லை. பயம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆயுசு குறையும் என்பதை அவரும் நம்பியிருக்கிறார் பாவம். எண்பத்து நாலு வயது வரை இருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். குழி தோண்டி, குழாய் பதித்து, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் சிமெண்டு மேடை கட்டி முடிக்கப் பங்குனி பாதி ஆகிவிட்டது. அந்த நாட்களில் நான் நாலரைக்கே தோப்புக்குப் போனேன், கேட் அடைக்குமுன் ஓடி வந்தேன். மிச்சமிருந்த அந்த ஒரு தடவையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

தண்ணீர் விடுவதாகச் சொல்லியிருந்த நாளும் முழுப் பரீட்சையின் முதல் நாளும் ஒன்றாக அமைந்தது; காலை ஆறு மணிக்குக் குழாய் முதலில் இருமியது. சிவப்பாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு தெளிந்த தண்ணீர் கொட்டியது. தெருவே கூடி நின்றது. நான் பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதைப் பார்ப்பதற்காகவே கிட்டங்கிக்குத் தாமதமாகக் கிளம்பியிருந்த அம்மா என்னை வழிமறித்துக் குடத்தைப் பிடுங்கினாள். தெரு நடுவில் நின்றபடி வீட்டைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இன்னைக்குத் தண்ணி நீங்க பிடிங்க. பிள்ளைக்குப் பரீட்சை."

அப்பா வாயில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார். இடமும் வலமும் பார்த்தார். குடத்தை வாங்கினார். இடுப்பில் வைப்பதா தோளில் வைப்பதா என்று தெரியாமல் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். எதிர்வீட்டு அத்தை தன் வாசலுக்குத் திரும்பித் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள், முகத்தை மூடாமல்.

நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர்கூட வாசலுக்கு வந்திருக்கவில்லை. மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.